சுருளும் படமும்
சந்திரப் பயண நிழற்படங்கள் குறித்து ஒரு கண்டனம்

1968 டிசம்பர் தொடக்கம் 1972 டிசம்பர் வரையான நான்காண்டுக் காலத்தில் அமெரிக்காவின் அப்பலோக் கலங்கள் ஒன்பது முறை சந்திரனை நாடிச் சென்று மீண்டன. அவற்றிற் சென்றோர் இருபத்துநால்வர். அவருட் சந்திர நிலத்தில் நடந்தோர் பன்னிருவர். அவர்கள் பூமிக்குக் கொணர்ந்தவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 382 கிலோகிராம் நிறையுள்ள கல்லும் மண்ணும். மற்றது, ஆயிரக்கணக்கான நிழற்படங்களைத் தாங்கிய படச்சுருள்கள்.

கற்களுக்கு உரிய மதிப்பு வழங்கப்பட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் இடப்பட்டது. அது எவ்விடத்தில், எந்நிலையில், எதன் அருகிற் கிடந்தது என்னும் குறிப்பு அதனோடு சேர்த்துப் பேணப்பட்டது. கிடந்த இடம் அறியப்படாத கல் ஆய்வாளனுக்குப் பாதி ஊமை என்பதை எவரும் மறுப்பதில்லை. படங்களின் கதியோ வேறு. அவற்றுள் மூன்று நான்கு மட்டும் சுருளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன, திருப்பப்பட்டன, விளிம்பு வெட்டப்பட்டும் கூட்டப்பட்டும் செப்பஞ் செய்யப்பட்டன, பின்னர் நாட்காட்டியிலும் பாடநூல் அட்டையிலும் தபால் முத்திரையிலும் ஏறின. எஞ்சியவை பொது மக்களின் பார்வைக்கு அப்பாலேயே நெடுங்காலம் கிடந்தன. கல்லுக்குக் கொடுத்த மரியாதையை நாம் படத்துக்குக் கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

இக்குற்றத்துக்கு உடந்தையானோர் மூவகையினர். இப்படங்களைச் சமயச் சின்னங்கள் போல வணங்கிப் போற்றுவோர் ஒரு சாரார். பழம் பிரதிகளைப் பெரும் பொருள் கொடுத்து ஏலத்திற் பெறுவோர் இன்னொரு சாரார். இவை யாவும் பொய் என்று கூறி எள்ளுவோர் மூன்றாஞ் சாரார். இம்மூவரும் ஒருவரையொருவர் இகழ்வர். ஆயின் மூவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். தனிப் படத்தைக் காண்கின்றனர். சுருளைக் காண மறுக்கின்றனர்.

1. கமெரா எதற்காகச் சென்றது?

விண்வெளியிற் படமெடுத்தல் தொடக்கத்தில் ஓர் உபரி வேலையாகவே கருதப்பட்டது. 1962 பெப்ரவரியிற் பூமியைச் சுற்றிவந்த ஜோன் கிளென் கொண்டுசென்ற கமெரா, புளோரிடாவிற் சாதாரணக் கடையொன்றில் வாங்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரிற் பறந்த வோல்ற்றர் ஷிரா, ஹூஸ்டன் நகரக் கடையொன்றில் வாங்கிய ஹசல்பிளாட் கமெராவை எடுத்துச் சென்றார். அப்பலோத் திட்டத்தின்போது இந்நிலை முற்றாக மாறிற்று. கமெரா அங்கே ஓர் அளவை கருவி ஆயிற்று.

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்றினும் சந்திர நிலத்திற் பயன்படுத்திய ஹசல்பிளாட்டின் உள்ளே, படச்சுருளுக்கு முன்பாக ஒரு கண்ணாடித் தகடு பொருத்தப்பட்டிருந்தது. அதில் ஐந்து வரிசையில் ஐந்தைந்தாக இருபத்தைந்து சிறு சிலுவைக் குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. படங்களில் நாம் காணும் கருஞ்சிலுவைகள் இவையே. படச்சுருள் பின்னர் சுருங்கினாலும் விரிந்தாலும் அதனைக் கண்டறிந்து, படத்திலிருந்து தூரத்தையும் அளவையும் கணிப்பதற்காகவே அவை இடப்பட்டன. அழகுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கல்லெடுக்கும் முறையும் இத்தகையதே. கல்லை எடுக்குமுன் ஒரு படம்; சற்று விலகி நின்று, இரண்டையும் இணைத்து நோக்கின் ஆழம் புலப்படுமாறு மற்றுமொரு படம்; கல்லை எடுத்த பின் வெற்றிடத்தின் படம். அருகே ஒரு முக்காலியிற் தொங்கும் கோல் நிறுத்தப்படும். அக்கோல் செங்குத்துத் திசையையும் அளவையும் காட்டும். அதனோடு சேர்ந்த வண்ண அட்டை உண்மை நிறத்தைக் கணிக்க உதவும். ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கப்பட்ட படத்தொடர்கள் நிலத்தின் அமைப்பைப் பதிந்தன. இத்தொடர்களுள் ஒரு படத்தை மட்டும் உருவி எடுத்தல், ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை உருவி எடுத்து அதனைக் கவிதை என்று கூறுவதை ஒக்கும்.

அப்பலோ 15, 16, 17 ஆகிய பயணங்களிற் சந்திரனைச் சுற்றிய தாய்க்கலத்தின் புறத்தே பெரிய கமெராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் அகலப் பரப்பைப் பதியும் கமெரா, அமெரிக்க இராணுவ வேவு விமானங்களுக்கென ஆக்கப்பட்ட கமெராவின் வழிவந்ததாகும். மானிடத்தின் தூய அறிவுத் தாகமே இப்படங்களை ஈன்றது என்று பேசுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். போட்டி வல்லரசொன்றின் படைக்கலத் தொழில் இல்லையேல் இப்படங்களிற் பல இரா. அதே வேளையில், அப்படச்சுருளை எடுத்துவர 1971 ஆகஸ்டில் அல்பிரட் வேர்டன் பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால், கலத்தைவிட்டு வெளியே வந்து வெறுவெளியில் தொழிற்பட்டார் என்பதும் உண்மை. சந்திர நிலத்திற் பயன்பட்ட ஹசல்பிளாட்டுகளின் கதையும் நோக்கற்பாலது. நிறை குறைக்கும் பொருட்டு கமெராக்கள் அங்கேயே கைவிடப்பட்டன. சுருட்பெட்டிகள் மாத்திரமே மீண்டன. உரியோர் எதனைப் பொருளென மதித்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2. போற்றுவோர்

பெரும் புகழ் பெற்ற படங்கள் நான்கினை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "பூமி உதயம்" எனப்படும் படம். 1968 டிசம்பர் 24 ஆந் திகதி, அப்பலோ 8 சந்திரனை நான்காம் முறை சுற்றிக்கொண்டிருக்கையில் வில்லியம் அண்டர்ஸ் இதனை எடுத்தார். சற்று முன்னதாக அவரே இதே காட்சியைக் கறுப்பு வெள்ளையிற் பதிந்திருந்தார். அண்டர்ஸ் நோக்கியபடி, சந்திரனின் விளிம்பு செங்குத்தாகப் பக்கவாட்டில் நின்றது. அச்சில் வந்தபோதோ படம் கால்வட்டம் திருப்பப்பட்டுச் சந்திர நிலம் கீழேயும் பூமி மேலேயும் அமைக்கப்பட்டது. இதனால், தரையில் நிற்கும் ஒருவன் விடியலைக் காண்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. அவ்விடத்தில் எவரும் நிற்கவில்லை. சந்திர நிலத்தில் நிற்பவனுக்குப் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. அது வானில் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும். விரையும் கலத்திலிருந்து நோக்கியமையாலேயே அது எழுவது போலத் தோன்றிற்று. சந்திரனருகிலிருந்து பூமியைக் காட்டிய முதற் படமும் இதுவன்று. ஆளில்லாத லூனார் ஓர்பிற்றர் 1 என்னும் கலம் 1966 ஆகஸ்ட் 23 ஆந் திகதியே அத்தகைய படத்தை அனுப்பிவிட்டது. இவையெல்லாம் மறைந்து, 1969 இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஆறு சத முத்திரையில் இப்படம் விவிலியத்தின் தொடக்கச் சொற்களோடு அச்சாயிற்று. அளவைப் பயணமொன்றின் பதிவு இவ்வாறு அருட்காட்சி ஆயிற்று.

இரண்டாவது, ஓல்ட்றின் நேர்முகமாக நிற்க, அவர்தம் முகக்கவசத்திற் படமெடுப்பவரின் நிழலுருவம் தெரியும் படம். ஏ.எஸ். 11-40-5903 என்பது அதன் எண். ஆம்ஸ்ட்ரோங் எடுத்த இப்படத்தில் ஓல்ட்றினின் தலைக்கு மேலே இடமே இல்லை. முதுகுப் பொதியின் மேற்பகுதியிலுள்ள அலைவாங்கியும் முழுமையாக விழவில்லை. அச்சுக்குச் சென்றபோது மேலே கரிய வானம் ஒட்டிச் சேர்க்கப்பட்டது. இப்படத்தை ஆம்ஸ்ட்ரோங்கின் படம் என்று தலைப்பிட்ட வெளியீடுகள் பலவாகும். உண்மை யாதெனில், கமெரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ரோங்கின் கையிலேயே இருந்தது. ஆகவே அப்பயணத்தின் நிழற்படச் சுருள்களில் அவர் சந்திர நிலத்தில் முழுவுருவாகத் தெளிவாகத் தென்படும் படம் ஒன்றே. 5886 என்னும் அப்படத்தில் அவர் முதுகைக் காட்டி, கலத்தின் அருகே வேலை செய்துகொண்டிருக்கிறார். சந்திரனில் நடந்த முதல் மனிதனைச் சுருள் ஒரு தொழிலாளியாகக் காட்டுகிறது. நாட்காட்டி வீரனைத் தேடியமையால் அத்தொழிலாளியை ஒதுக்கிவிட்டது.

மூன்றாவது, காலடித் தடம். ஆம்ஸ்ட்ரோங் வைத்த முதலடி இது என்று மேடைகளிலும் ஏடுகளிலும் கூறப்படுவதுண்டு. இது ஓல்ட்றினின் தடம். சந்திர மண்ணின் இறுக்கத்தையும் தாங்குவலிமையையும் அறியும் பொருட்டு, அவர் முதலில் மிதிபடாத மண்ணைப் படமெடுத்தார். பின்னர் அதில் மிதித்து, தடத்தைப் படமெடுத்தார். முன்னைய படத்தை விலக்கிப் பின்னையதை மாத்திரம் காட்டும்போது பரிசோதனை மறைந்து வெற்றிச் சின்னம் தோன்றுகிறது.

நான்காவது, 1972 டிசம்பர் 7 ஆந் திகதி அப்பலோ 17 கலத்திலிருந்து, சுமார் 29,000 கிலோமீற்றர் தொலைவில் எடுக்கப்பட்ட முழுப் பூமியின் படம். இதனை எடுத்தவர் சேர்னனா, எவன்ஸா, ஷ்மிற்றா என்பது தீராமையால் நாசா மூவரின் பெயரிலும் அதனை வைத்துள்ளது. எடுக்கப்பட்ட நிலையில் தென்துருவம் மேலே இருந்தது. நாம் பழகிய தேசப்படத்துக்கு இசைய அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. எல்லைக் கோடுகள் அற்ற, பகையற்ற, அழகிய நீலக் கோளம் என்று இப்படத்தைப் போற்றாதார் அரியர். ஆயின் வடக்கு மேலாக வைத்து நோக்கும்போது, வலப்புற மேல் விளிம்பை அண்டி ஒரு முகிற்சுழி காணப்படும். படம் எடுக்கப்படுவதற்கு இரு நாள் முன்னர், டிசம்பர் 5 ஆந் திகதி, தமிழ்நாட்டைத் தாக்கி வெள்ளத்தையும் அழிவையும் விளைத்த புயல் அது. ஷ்மிற் வழிநெடுகப் பூமியின் முகில்களையும் புயல்களையும் வானிலை நோக்குநர் போல விவரித்துச் சென்றமை பயணப் பதிவுகளிற் காணப்படுகிறது. எடுத்தவர் வானிலையைக் கண்டார். போற்றுவோர் தத்துவத்தைக் கண்டனர். மானிடம் ஒன்றே என்று இப்படத்தைக் காட்டிப் பேசிய பேச்சாளர் எத்துணையர்! அம்மானிடத்தின் ஒரு பகுதி அவ்வேளையில் நனைந்து நின்ற இடத்தை அதே படத்திற் சுட்டிக் காட்டியவர் எத்துணையர்?

படத்தைத் திருப்புதல் மோசடி என்று யாம் கூறவில்லை. எடையற்ற வெளியில் மேலேது, கீழேது? அச்சிடுவோன் ஏதேனும் ஒரு திசையைத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்ததை மறைப்பதே குற்றம். அதனை மறைத்தவுடன் படம் சாட்சியம் என்னும் நிலையை இழந்து அலங்காரம் ஆகிவிடுகிறது.

3. சேகரிப்போர்

அண்மைக் காலத்தில் இப்படங்களின் பழம் பிரதிகள் பெருவிலைப் பண்டங்களாகியுள்ளன. 2020 இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் நூற்றுக்கணக்கான இத்தகைய பிரதிகளை ஏலத்தில் விட்டது. ஏனைய ஏலக்கூடங்களும் இவ்வணிகத்தில் ஈடுபட்டுள்ளன. தாளின் பின்புறத்தில் கொடாக் நிறுவனத்தின் முத்திரை உண்டா, மேல் ஓரத்திற் சிவப்பு எண் உண்டா என்று ஆராய்ந்து விலை நிர்ணயிக்கப்படுகிறது. இத்தகைய தாளே "மூலம்" என்று பேசப்படுகிறது.

இது மூலமன்று. நிறப் படங்களின் மூலம், விண்வெளிக்குச் சென்று மீண்ட நேர்ப்படச் சுருள். அது ஹூஸ்டனிலுள்ள ஜோன்சன் விண்வெளி நிலையத்திற் குளிரூட்டிய காப்பறையில் இருக்கிறது. அச்சுருளிலிருந்து பிரதிச் சுருள் எடுக்கப்பட்டது. அப்பிரதியின் வழியே தாளில் அச்சிடப்பட்டது. ஆகவே ஏலத்தில் விலை போவது பிரதியின் பிரதி. அதிலும், அக்கால நிறத் தாள்கள் காலப்போக்கில் நிறம் மங்கிச் செம்மை படர்வன. பழமையால் மதிப்பேறியதாகக் கூறப்படும் அத்தாள், பழமையினாலேயே சாட்சியம் குன்றியதாகவும் இருக்கிறது என்பது முரண்நகை.

இப்படங்களுக்குப் பொருள் கொடுத்தோர் யாவர்? அப்பலோத் திட்டத்தின் செலவு 1973 இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளிக்கப்பட்ட கணக்கின்படி 2,500 கோடி டொலருக்கும் மேல். அது வரி செலுத்திய மக்களின் பணம். திட்டம் உச்சத்தில் இருந்தபோது உழைத்தோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். அதனாலேயே நாசாவின் படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைத் தடையின்றி எவரும் பயன்படுத்தத்தக்கனவாக விடப்பட்டன. பொதுச் சொத்தாகப் பிறந்த ஒன்றை அருமை என்னும் பூச்சுப் பூசித் தனிச் சொத்தாக்கும் வித்தையைச் சந்தை நன்கறியும். அதன் ஒரு பகுதியாகவே "விண்வெளிக் கலைஞர்" என்னும் புதிய தெய்வமும் படைக்கப்படுகிறது. சுருளைப் பொருத்தியவன், வில்லையைத் தேய்த்தவன், எதை எப்போது எத்திசையிலிருந்து எடுக்கவேண்டும் என்று பயிற்றிய புவியியலாளன் யாவரும் விலைப்பட்டியலில் இடம்பெறார்.

சேகரிப்போரின் தொண்டு ஒன்றினை மறுப்பதற்கில்லை. பத்திரிகை நிலையங்களும் பணிமனைகளும் வேண்டாதனவென எறிய இருந்த தாள்களைச் சிலர் காத்தனர். அச்சேறாத படங்கள் பல உண்டு என்பதைச் சிலர் உலகுக்கு நினைவூட்டினர். அதற்கு நன்றி உரித்து. ஆனால் காத்தல் வேறு, காத்ததனாலேயே மூலம் தம்மிடம் உள்ளதென உரிமை பாராட்டல் வேறு.

4. மறுப்போர்

மனிதன் சந்திரனுக்குச் செல்லவேயில்லை என்போர் தம் வாதத்துக்கு எடுத்துக்கொள்வனவும் இச்சில படங்களே. வானில் விண்மீன்கள் எங்கே? சிலுவைக் குறி பொருளின் பின்னே மறைவது எவ்வாறு? ஒவ்வொரு படமும் இத்துணைச் செம்மையாக அமைந்தது எங்ஙனம்? இவையே அவர்தம் வினாக்கள்.

விடைகள் கடினமானவை அல்ல. ஞாயிற்றொளியில் வெளுத்து மின்னும் நிலத்துக்கும் வெண்ணிற உடைக்கும் ஏற்பக் கமெராவின் திறப்பு நேரம் மிகக் குறுகியதாக அமைக்கப்பட்டது. அக்குறுகிய நேரத்தில் மங்கிய விண்மீன் பதியாது. மிகுந்த ஒளி பட்ட வெண்பரப்பு, படச்சுருளில் மெல்லிய கருங்கோட்டின்மேற் கசிந்து அதனை விழுங்கிவிடும். அதனாற் சிலுவை மறைந்தது போலத் தோன்றும். மூன்றாம் வினாவுக்கு விடை சுருளில் இருக்கிறது. சுருளை முழுமையாகக் காண்பவன், கோணிய படங்களையும், ஞாயிற்றொளி வீழ்ந்து பாழான படங்களையும், தலையும் காலும் அறுபட்ட உருவங்களையும் ஏராளமாகக் காண்பான். சந்திர நிலத்தில் நின்று ஆம்ஸ்ட்ரோங் எடுத்த முதற் படமான 5850 இல் முன்னிலையிற் கிடப்பது, கலத்திலிருந்து வெளியே தள்ளிய கழிவுப் பை! பொய்க்காட்சி புனைவோன் தன் முதற் காட்சியைக் குப்பையோடு தொடங்குவானா?

2009 ஆம் ஆண்டு முதல் சந்திரனைச் சுற்றிவரும் ஆய்வுக்கலம் ஒன்று, இறங்கிய கலங்களின் அடிப்பகுதிகளையும் வீரர் நடந்த தடங்களையும் மேலிருந்து படம்பிடித்துள்ளது. சுருளிலுள்ள படத்தொடர்கள் காட்டும் நிலக்காட்சியோடு அவை பொருந்துகின்றன. ஒரு படத்தைப் புனைதல் எளிது. ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தி, நிழல்கள் நேரத்தோடு நகர்ந்து, ஒலிப்பதிவோடும் கற்குறிப்போடும் இசைந்து செல்லும் ஆயிரக்கணக்கான படங்களைப் புனைதல் எளிதன்று. ஆயின் இவ்வலிமை முழுவதும் தொடரில் இருக்கிறதேயன்றித் தனிப் படத்தில் இல்லை. தனிப் படத்தை மாத்திரம் உலகுக்குக் காட்டி, அதனையும் சொல்லாமற் செப்பஞ் செய்து வைத்த போற்றுவோரே மறுப்போருக்கு வாய்ப்பளித்தனர். ஒட்டிச் சேர்த்த ஒரு துண்டு வானம் ஐயத்துக்கு ஒரு பெருவாயிலைத் திறந்துவிட்டது.

5. ஒரு தடையும் விடையும்

"சாதாரண வாசகன் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பானா? ஒரு படம் ஒருவனின் உள்ளத்தைத் தொட்டுப் பூமியின்பாற் பரிவை ஏற்படுத்துமாயின் அதுவே போதாதா?" என வினவுவோர் உளர். இவ்வினாவை எள்ளி ஒதுக்க யாம் விரும்பவில்லை. பூமி உதயப் படம் சுற்றாடற் சிந்தனைக்கு அளித்த உந்துதல் மெய்யானது. ஆயின் பரிவு அறிவை ஏன் அஞ்சவேண்டும்? திருப்பப்பட்ட படம் என்று அறிந்தபின் அப்படத்தின் அழகு குறைவதில்லை. முகிற்சுழியின் வரலாற்றை அறிந்தவனுக்கு நீலக் கோளம் முன்னையிலும் நெருக்கமானதாகவே தோன்றும். அறியாமையால் மட்டும் நிலைக்கும் பரிவு, முதலாவது மறுப்பாளன் எழுப்பும் முதலாவது ஐயத்திலேயே சரிந்துவிடும்.

வசதி இல்லை என்னும் சாட்டும் இன்று செல்லாது. 1999 இல் மைக்கேல் லைற் "முழுநிலா" எனப் பொருள்படும் தம் நூலுக்காக நாசாவின் பிரதிச் சுருள்களை நாடிச் சென்றார். 2015 இல் 8,400 க்கும் மேற்பட்ட அப்பலோ நிழற்படங்கள் இணையத்தில் எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டன. கோணியதும் பாழானதும் அவற்றுள் அடங்கும். ஏலத்தில் ஒரு தாளைப் பெறச் செல்வம் வேண்டும். சுருளை வாசிப்பதற்கோ பொறுமை மாத்திரமே வேண்டும். வறிய நாட்டு மாணவனும் செல்வந்த நாட்டுச் சேகரிப்பாளனும் இவ்விடத்திற் சமமானவர்கள். அச்சமத்துவத்தைப் பயன்படுத்தாமல் விடுவது நம் தவறாகவே முடியும்.

எனவே யாம் வேண்டுவன சில. இப்படங்களை அச்சிடும் பாடநூலும் சஞ்சிகையும் கண்காட்சியும் நான்கு செய்திகளைக் கட்டாயமாகத் தருதல் வேண்டும்: படத்தின் எண், எடுத்தவர் பெயர், எடுத்த நோக்கம், பின்னர் செய்யப்பட்ட மாற்றம். இவற்றுள் ஒன்று தெரியாதெனின் தெரியாது என்றே எழுதுதல் வேண்டும். இயன்றவிடத்து ஒரு படத்தோடு அதன் முன்னும் பின்னும் உள்ள படங்களையும் அச்சிடுதல் வேண்டும். இவை ஐந்தாறு வரிகளுள் அடங்கக்கூடியவை. பெரும் பொருட்செலவை வேண்டாதவை. கல்வெட்டு ஒன்று கிடைத்த இடத்தையும், ஏட்டுப் பிரதி ஒன்றின் பாடவேறுபாட்டையும் குறிக்காத ஆய்வைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. நிழற்படத்துக்கு மட்டும் அந்நெறியைத் தளர்த்துவதற்கு நியாயம் யாது?

சந்திரனுக்குச் சென்றோர் கமெராவை எறிந்துவிட்டுச் சுருளைக் காத்துக் கொணர்ந்தனர். நாம் சுருளை மறந்துவிட்டுச் சில படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அவற்றைச் சுவரிலிருந்து இறக்கவேண்டும் என்பதன்று எம் வாதம். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் எண்ணை எழுதுக. எண் தெரிந்தால் சுருளுக்குச் செல்லும் வழி தெரியும்.